முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி கவிழ்ந்துவிடுமா?

முன் பிரேக்கைத் தொட்டால் குப்புறத் தள்ளிவிடும் என்ற பயத்தோடுதான் நம்மில் பலர் பைக் ஓட்டப் பழகினோம். அவசரத்தில் கால் பிரேக்கை மட்டும் மிதிக்கிறோம். பின் சக்கரம் தேய்த்துக்கொண்டே போகிறது, வண்டி நிற்பதில்லை. ஏன்?

பிரேக் பிடித்ததும் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. முன் சக்கரம் தரையில் அழுந்த, பின் சக்கரம் லேசாகிறது. டயரின் பிடிப்பு அதன்மேல் இறங்கும் பாரத்தைப் பொறுத்தது. ஆகவே வண்டியை நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன் சக்கரத்திடம் இருக்கிறது.

ஆனால் பாரம் முன்னே வந்துசேரக் கணநேரம் பிடிக்கும். அதற்குள் முன் பிரேக் லீவரைச் சட்டென்று இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கி, நம்மைக் கீழே தள்ளும். அந்தப் பயம் பிறந்த இடம் இதுதான். ஈரத்துணியைப் பிழிவதுபோல, முதலில் மென்மையாக, பிறகு வலுவாக அழுத்த வேண்டும். அதுவும் வண்டி நிமிர்ந்து நேராகப் போகும்போது. வளைவில் டயர் தன் பிடிப்பில் ஒரு பகுதியைத் திரும்புவதற்கே செலவிட்டிருக்கும்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்குச் சுமார் 17 மீட்டர் கடக்கிறோம். கை பிரேக்கைத் தேடுவதற்குள் அவ்வளவும் போய்விடும். காய்ந்த சாலையில் திறமையாகப் பிடித்தாலும் நிற்க இன்னும் சுமார் 20 மீட்டர் வேண்டும். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் ஓடும் இந்தத் தூரம் நான்கு மடங்கு. சந்திப்பை நெருங்கும்போதே இரண்டு விரல்களை லீவர்மேல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். தாமதித்த அந்த 17 மீட்டரை அதனால் மீட்டுத்தர முடியாது.