சிரிய நாட்டு வீட்டுச் சமையலும் நமது புளியும்

நம் பிள்ளைகள் பயிலும் ஜேர்மன் பாடசாலைகளில் இன்று சிரிய நாட்டுப் பிள்ளைகளும் உடன் பயில்கின்றனர். 2011 இல் அந்நாட்டில் மூண்ட போரினால் இடம்பெயர்ந்தோர், 2015 ஆம் ஆண்டிலும் அதனை அடுத்தும் இலட்சக்கணக்கில் இங்கு வந்துசேர்ந்தனர். 1983 இன் பின்னர் நம்மவர் வந்த வழியும் ஏறக்குறைய இதுவே. எனினும் அவர்தம் உணவு யாதென வினவினால், சவர்மா, ஃபலாஃபல் என்பதோடு நமது விடை முடிந்துவிடுகிறது. அவை கடைத்தெரு உணவுகள். வீட்டு அடுப்பில் நாளாந்தம் வேகுவன வேறு.

முதலிற் கூறத்தக்கது முஜத்தரா. தோல் நீக்காத மைசூர்ப் பருப்பை அரிசியுடனோ, புல்குர் என்னும் கோதுமைக் குறுணலுடனோ வேகவைத்து, நன்கு சிவக்கப் பொரித்த வெங்காயத்தை மேலே தூவித் தயிருடன் உண்பர். 'அம்மைத் தழும்புடையது' என்பது அப்பெயரின் பொருள். சோற்றிடையே பருப்புப் புள்ளி புள்ளியாகத் தோன்றுவதைக் கண்டு எவரோ இட்ட பெயர் போலும்! 1226 இல் பாக்தாத்தில் எழுதப்பட்ட சமையல் நூலொன்றிலேயே இவ்வுணவு இடம்பெற்றுள்ளது.

புல்குர் நமக்குப் புதிதன்று. நெல்லை அவித்து உலர்த்திப் புழுங்கல் அரிசியாக்குவதுபோல, கோதுமையை அவித்து, உலர்த்தி, உடைத்தெடுப்பதே அது. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியல் செய்த நம் பாட்டிமாருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இதனினும் வியப்புக்குரியது புளி. அரபு மொழியில் அதன் பெயர் 'தமர் ஹிந்தி', அதாவது இந்தியப் பேரீச்சை. ஜேர்மானியர் கூறும் 'தமரிண்டே' என்ற சொல்லும் இதன் வழிவந்ததே. டமாஸ்கஸ் நகரத்தார் நோன்புக் காலத்தில் புளிக்கரைசலிற் சீனி சேர்த்துக் குளிர்பானமாக அருந்துவர். பருப்பையும் மாவுத் துண்டுகளையும் வேகவைத்து, புளியும் மாதுளம்பழப் பாகும் விட்டு, வதக்கிய உள்ளியும் கொத்தமல்லி இலையும் சேர்க்கும் உணவொன்றும் அங்கு உண்டு. 'ஹர்ராக் இஸ்பஊ' என்னும் அதன் பெயர், விரலைச் சுட்டுக்கொண்டவனைக் குறிக்கும். ஆறும்வரை பொறுக்காது விரலை விட்டானாம். நம் வீடுகளிலும் அத்தகையோர் உளர்.

கோடை முடிவிற் குளிர்காலத்துக்கென உணவு சேமிப்பதை அவர்கள் 'மூனே' என்பர். அவற்றுட் சிறந்தது மக்தூஸ். சிறு கத்தரிக்காய்களை அவித்து, கீறி உப்பிட்டு, பாரம் வைத்து நீரை வடியவிடுவர். பின்னர் அக்ரூட் பருப்பு, சிவப்பு மிளகாய், உள்ளி ஆகியவற்றை உள்ளே அடைத்து, போத்தலில் இட்டு, மேலே ஒலிவ் எண்ணெய் நிரப்புவர். நீர் எஞ்சினால் முழுவதும் பழுதாகும். எவ்வளவு நேரம் வடியவிடுவது என்பதைத் தாயாரின் விரல் அழுத்திப் பார்த்துச் சொல்லும். அருகில் அமர்ந்து பழகாத பிள்ளைக்கு அது கைவராது. நம் மோர்மிளகாயின் பதமும் இவ்வாறே அன்றோ?

பேர்லின் நகரின் சொன்னன்அலே வீதியில் உள்ள அரபுக் கடைகளில் மக்தூஸ் போத்தல்களில் விற்பனைக்கு உண்டு. வீட்டில் இட்டதாயின், ஒரு வாரமேனும் எண்ணெயில் ஊறிய பின்னரே திறப்பர்.