இ-டைப்புக்கு ஏசி: ஓட்டை போடாமல் குளிரூட்டுவது எப்படி?

1961 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் ஷோவில் ஜாகுவார் தன்னோட இ-டைப்பை இறக்கியது. அதற்கு வடிவம் கொடுத்த மால்கம் சேயர், விமானக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்த ஏரோடைனமிக்ஸ் ஆள். அது காரின் மூக்கைப் பார்த்தாலே தெரியும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1996-ல் ஒரு இ-டைப்பைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அந்த அளவுக்கு அழகு.

ஆனா அழகு வேற, வெயில் வேற. இங்கிலாந்தில் தயாரான இந்தக் கார்களில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் கப்பல் ஏறியது. அதில் அரிசோனா, டெக்சாஸ் பக்கம் போனவையும் உண்டு. ஃபீனிக்ஸ் நகரத்தில் ஜூலை மாதச் சராசரி உச்ச வெப்பமே 40 டிகிரியைத் தாண்டும். தாழ்வான கூரை, சாய்ந்த பெரிய பின் கண்ணாடி, காலுக்குப் பக்கத்தில் கொதிக்கும் கியர்பாக்ஸ் டனல் என எல்லாம் சேர்ந்தால் கூபே மாடலின் உள்ளே உட்கார்ந்திருப்பது இட்லி பானைக்குள் உட்கார்ந்த மாதிரிதான். அதனால் அங்கே பலர் இதற்கு வெளியே கிடைக்கும் கிட்டை வாங்கி ஏசி மாட்டுகிறார்கள். பார்க்க சாதாரண வேலை மாதிரி தெரியும். நாம தெர்மோடைனமிக்ஸ், எலக்ட்ரிக்கல், மெட்டீரியல்ஸ்னு தனித்தனி பேப்பரா எழுதினது எல்லாம் இங்கே ஒரே பானெட்டுக்குக் கீழே வந்து சண்டை போடும்.

கிட்டில் என்ன இருக்கும்? கம்ப்ரஸர், கண்டென்ஸர், ரிசீவர்-டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, எவாப்பரேட்டர், ப்ளோயர், குழாய்கள், பிரஷர் சுவிட்ச். நம்ம லேப்ல இருக்கிற ஃப்ரிட்ஜ் டெஸ்ட் ரிக்கின் அதே சைக்கிள்தான். வித்தியாசம் ஒண்ணுதான்: அங்கே கண்டென்ஸருக்கு அறைக் காற்று தாராளமா கிடைக்கும். இங்கே கண்டென்ஸர், எஞ்சினின் ரேடியேட்டருக்கு முன்னாடி போய் நிற்கும்.

தலைவலி அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கேபினிலிருந்து 4 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறோம்னு வையுங்க. கம்ப்ரஸருக்கு 1.5 கிலோவாட். ரெண்டும் சேர்ந்து 5.5 கிலோவாட்டை கண்டென்ஸர் வெளியே தள்ளணும். சிக்னலில் நிற்கும்போது ஃபேன் நொடிக்கு 0.4 கிலோ காற்றை இழுக்கிறது என்றால், அந்தக் காற்றின் வெப்பம் கிட்டத்தட்ட 14 டிகிரி ஏறும். வெளியே 40 டிகிரி; ரேடியேட்டரைத் தொடும்போது 54. உள்ளே கூலன்ட் 90 டிகிரியில் இருந்தால், முன்பு 50 டிகிரியாக இருந்த வித்தியாசம் இப்போ 36 ஆகிவிட்டது. அதாவது ரேடியேட்டரின் திறனில் கால்வாசிக்கு மேல் போச்சு. நான் எடுத்துக்கொண்ட எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், முடிவு மாறாது.

சாதாரண காருக்கே இது சிரமம். முதல் சீரிஸ் இ-டைப்புக்கு மூக்கில் இருப்பது ஒரு சின்ன நீள்வட்ட வாய். காற்றை எதிர்க்காமல் கிழிக்க அது நல்ல டிசைன், குடிக்க போதாது. ரேடியேட்டருக்கு ஒரே ஒரு எலக்ட்ரிக் ஃபேன், அதுவும் வலுவானது இல்லை. ஏசியே இல்லாதபோதே டிராஃபிக்கில் டெம்பரேச்சர் முள் ஏறுவது இந்தக் காரின் பழைய புகார். ஜாகுவாருக்கே இது தெரிந்துதான் 1968-ல் வந்த இரண்டாம் சீரிஸில் வாயைப் பெரிதாக்கி, ரெண்டு ஃபேன் வைத்தார்கள். கம்பெனியே ஏசியை ஆப்ஷனாகக் கொடுத்ததும் அந்த சீரிஸில்தான். முதல் சீரிஸ் வைத்திருப்பவருக்கு இதைவிடத் தெளிவான குறிப்பு வேண்டியதில்லை: ஏசிக்கு முன்னாடி கூலிங்.

ஆகவே வேலையின் வரிசை பலர் நினைப்பதற்கு நேர்மாறு. முதலில் சூடு உள்ளே வராமல் அடைக்கணும். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் வயர், கேபிள் போகும் ஓட்டைகளில் பழைய ரப்பர் கிரோமெட் எல்லாம் பொடிப்பொடியா போயிருக்கும். அதை மாற்றினாலே காலில் அடிக்கும் அனல் குறையும். டனலுக்கும் தரைக்கும் வெப்பத்தடுப்பு விரிப்பு. அப்புறம் தடிமனான கோர் உள்ள அலுமினியம் ரேடியேட்டர், நல்ல ஃபேன்கள். கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள ஓர இடைவெளியை ஃபோம் வைத்து மூடணும். இல்லன்னா சூடான காற்றே சுற்றி வந்து திரும்ப உள்ளே நுழையும். ஐம்பது ரூபாய் ஃபோம் செய்கிற வேலையைச் சில சமயம் பெரிய ஃபேன் செய்யாது. கண்டென்ஸரும் பழைய குழாய்-துடுப்பு வகை வேண்டாம், பேரலல் ஃப்ளோ வகைதான் சரி. அதே பரப்பில் அதிக வெப்பத்தை வெளியேற்றும்.

இப்போ கரன்ட். 3.8 லிட்டர் இ-டைப்பில் இருப்பது ஆல்டர்னேட்டர் இல்லை, டைனமோ. முழு வேகத்திலேயே 30 ஆம்பியர் அளவுதான் தரும், ஐட்லிங்கில் கிட்டத்தட்ட எதுவும் தராது. ப்ளோயர், கம்ப்ரஸர் கிளட்ச், ரெண்டு ஃபேன், கூடவே ஹெட்லைட். கூட்டிப் பார்த்தால் பேட்டரிதான் கடன் கொடுக்கணும். சிலர் புத்திசாலித்தனமா, "எலக்ட்ரிக் கம்ப்ரஸர் வைக்கலாமே, பெல்ட்டே வேண்டாமே"ன்னு கேட்பாங்க. 1.5 கிலோவாட்டை 12 வோல்ட்டால் வகுத்துப் பாருங்க: 125 ஆம்பியர். அத்தோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

இன்னொரு பொறி இருக்கு. அந்த 3.8 கார்கள் பாசிட்டிவ் எர்த். பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய கிட்கள் எல்லாம் நெகட்டிவ் எர்த்துக்கு செய்தவை. கிளட்ச் காயில் வெறும் மின்காந்தம், அதற்குத் திசை பற்றிக் கவலை இல்லை. ஆனால் காயிலுக்குக் குறுக்கே சர்ஜைத் தடுக்க ஒரு டயோடு வைத்திருந்தால், திசை மாறியதும் அது நேரா ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகும். ஃபேன் மோட்டார் நிரந்தரக் காந்த வகை என்றால் பின்பக்கமா சுற்றும். கண்டென்ஸர் ஃபேன் காற்றை எதிர்த்திசையில் தள்ளும், வண்டி ஓடும்போது வருகிற காற்றோடு மல்லுக்கட்டும். ப்ளோயர் கதை இன்னும் சுவாரஸ்யம். அது மையவிலக்கு வகை என்பதால் பின்னாடி சுற்றினாலும் காற்று அதே வழியில்தான் வரும், ஆனா ரொம்பக் குறைவா. "ஏசி வேலை செய்யுது, ஆனா குளிரல" என்று மாதக்கணக்கில் கேஸ் நிரப்பிக்கொண்டே இருக்கலாம்! 1964-ல் வந்த 4.2 லிட்டர் மாடலில் ஆல்டர்னேட்டரும் நெகட்டிவ் எர்த்தும் வந்துவிட்டதால் இந்தத் தொல்லை இல்லை. 3.8 வைத்திருப்பவர், டைனமோ மாதிரியே வெளித்தோற்றம் கொண்ட ஆல்டர்னேட்டர் வாங்கி, எர்த்தை மாற்றிவிட்டுத் தொடங்குவதே நல்லது.

கம்ப்ரஸரைப் பொறுத்தவரை ஜப்பானின் சாண்டென் 508 வகை பழைய கார்க்காரர்களுக்குப் பழக்கமானது. ஒரு சுற்றுக்கு 138 கன சென்டிமீட்டர். அஞ்சு பிஸ்டன், அதனால் அதிர்வு குறைவு. முன்பு அமெரிக்க டீலர்கள் பல கார்களுக்கு மாட்டிய ரெண்டு சிலிண்டர் கம்ப்ரஸர்கள் எஞ்சினையே உலுக்கும். கிளட்ச் என்பது எவ்வளவு பெரிய வசதி என்பதற்கு ஒரு பழங்கதை: 1940 மாடல் பாக்கார்டு காரில்தான் கம்பெனியே ஏசி மாட்டிக் கொடுத்தது. அதில் கிளட்ச் கிடையாது. ஏசியை நிறுத்தணும்னா எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றணும்.

எங்கே மாட்டுவது என்பதில்தான் இந்தக் காருக்கே ஆபத்து. இ-டைப்பின் முன்பாதிக்கு வழக்கமான சேஸிஸ் கிடையாது. எஞ்சினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்குவது ரெனால்ட்ஸ் 541 எஃகில் செய்த மெல்லிய சதுரக் குழாய்ச் சட்டம். அதன் மீது ட்ரில் வைத்து ஒரே ஒரு ஓட்டை போட்டாலும் ரெண்டு விஷயம் நடக்கும். ஓட்டையின் விளிம்பில் ஸ்ட்ரெஸ் குவியும், எஞ்சின் அதிர்வில் அங்கிருந்து விரிசல் தொடங்கலாம். கூடவே தண்ணீர் உள்ளே போய், வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும்போதே உள்ளிருந்து துரு தின்னும். முன்சக்கரத்தைத் தாங்குகிற குழாய் அது என்பதை ஒரு நிமிஷம் யோசிங்க. கண்டென்ஸரை ரப்பர் பட்டை வைத்த கிளாம்ப்பில் பிடிக்கலாம். ரேடியேட்டரின் ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளிலேயே தொங்கவிட்டால் இன்னும் நல்லது. கம்ப்ரஸர் பிராக்கெட் எஞ்சின் பிளாக்கில் இருக்கிற துளைகளைத்தான் பயன்படுத்தணும். இந்தக் காரின் பானெட் மூக்கோடு சேர்ந்து முன்பக்கமா மொத்தமா கவிழ்ந்து திறக்கும், அதனால் குழாய்கள் அதில் எதையும் தொடக்கூடாது.

"ஒரிஜினல் காரைக் கெடுக்காதே" என்று பழைமைவாதிகள் சொல்வது இதனால்தான், அதில் நியாயம் உண்டு. ஆனா கோடைகாலம் முழுக்கக் கொட்டகையில் நிற்கும் காருக்கும் நல்லது நடப்பதில்லை. சீல் காயும், பெட்ரோல் கெடும், பிரேக் சிலிண்டர் ஒட்டிக்கொள்ளும். என் பார்வையில் ஒரே விதி போதும்: ஒரு வார இறுதியில் கழற்றி, கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி நிற்க முடியணும். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் பெயர் எழுதிய பையில், பழைய ரேடியேட்டர் பரணில்.

உள்ளே எவாப்பரேட்டர் பெட்டி டேஷ்போர்டுக்குக் கீழே நடுவில் தொங்கும். முழங்காலுக்கும் கியர் லீவருக்கும் இடம் விடணும், மற்றபடி இதில் பெரிய சூட்சுமம் இல்லை. ஒன்று மட்டும்: குளிர்ந்த துடுப்புகளில் தண்ணீர் சேரும். அது வழிய குழாய் முழுக்கச் சரிவாகப் போய், தரையில் ஏற்கெனவே இருக்கும் துளை வழியாக வெளியேறணும். மறந்தால் கார்பெட்டுக்குக் கீழே ஈரம், அப்புறம் துரு.

கேஸ் விஷயத்துக்கு வருவோம். அந்தக் காலத்து ஏசிகளில் இருந்தது ஆர்-12. ஓசோன் படலத்தை அரிக்கிறது என்பதால் 1987-ன் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியே அது கட்டுக்குள் வந்தது. அமெரிக்காவில் உற்பத்தி 1995 முடிவோடு நின்றது. இன்று கிட்கள் ஆர்-134ஏ-வுக்குத்தான். இது ஓசோனைத் தொடாது, ஆனால் புவி வெப்பமாதலில் கார்பன் டை ஆக்சைடைவிட 1400 மடங்குக்கு மேல் பலம் வாய்ந்தது. அதனால் இதையும் காற்றில் திறந்துவிடுவது அங்கே சட்டவிரோதம். வாங்கிச் சேமிக்கும் மெஷின் வேணும், சான்றிதழ் பெற்ற ஆள் வேணும். மலிவா கிடைக்குதேன்னு புரொபேன் கலவையை நிரப்புவோரும் உண்டு. எவாப்பரேட்டர் கசிந்தால் எரிவாயு உங்கள் மடியில். வேண்டாம்.

ஆர்-134ஏ-வின் மூலக்கூறு சிறியது, பழைய ரப்பர் குழாய் வழியாகவே மெல்லக் கசியும். உள்ளே நைலான் அடுக்கு உள்ள பேரியர் குழாய்தான் போடணும். எண்ணெயும் மாறும்: ஆர்-12-க்கு மினரல் எண்ணெய், இதற்குப் பெரும்பாலும் பேக் எண்ணெய். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் டிரையரின் மூடியைக் கடைசி நிமிடத்தில் திறக்கணும். எல்லாம் இணைத்த பின் வேக்யூம் பம்ப் வைத்து அரை மணி நேரமாவது இழுப்பது வெறும் காற்றை எடுக்க மட்டுமில்லை. 20 டிகிரியில் தண்ணீர் கொதிக்க அழுத்தம் 23 மில்லிபார் அளவுக்கு இறங்கணும். அதற்கும் கீழே போனால்தான் உள்ளே ஒளிந்திருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறும். மிச்சமிருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாகி அடைக்கும், அல்லது அமிலமாகி உலோகத்தை அரிக்கும். பம்பை நிறுத்திவிட்டு முள் அசையாமல் நிற்குதான்னு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எடை போட்டுத்தான் கேஸ் நிரப்பணும். ஐட்லிங்கில் கம்ப்ரஸர் ஏறியதும் எஞ்சின் திணறும். ஈசியூ இல்லாத, மூணு எஸ்யூ கார்புரேட்டர் உள்ள எஞ்சின் அது, தானா சரிசெய்துகொள்ளாது. ஐடிலைக் கொஞ்சம் தூக்கி வைக்கலாம், அல்லது கிளட்ச் பிடிக்கும்போது மட்டும் திராட்டிலைத் தள்ளும் சொலினாய்டு மாட்டலாம்.

கண்டென்ஸர் ஃபேனை ஏசி பிரஷர் சுவிட்சோடும் இணைத்திருக்கணும். கூலன்ட் சூடாகும்வரை அது காத்திருந்தால், 40 டிகிரி வெயிலில் கண்டென்ஸருக்குள் வெப்பம் 60-ஐத் தொட்டு, அழுத்தம் 17 பார் பக்கம் போயிருக்கும். கடைசி சோதனை நெடுஞ்சாலையில் இல்லை. மதியம் ரெண்டு மணிக்கு, வண்டியை நிறுத்தி, ஏசியை முழுசா போட்டு, இருபது நிமிஷம் டெம்பரேச்சர் முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு உட்காருவதுதான்.