'மே' எங்கே, 'ஷல்' எங்கே?

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டத்தில் பெரிய சொற்களை விடச் சிறிய சொற்களே நம்மை மாட்டிவிடும். 'மே' என்றால் செய்யலாம்; அது நம் விருப்பம். 'ஷல்' என்றால் செய்தாக வேண்டும், அது கடமை. ஒரே வாக்கியத்தில் 'மே' வந்து, 'பட்' என்று திரும்பி, 'ஷல்' வந்தால் அங்கே நிதானிக்க வேண்டும்.

1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 37ஆவது பிரிவு இதற்கு நல்ல உதாரணம். ரங்கே கவுடர் வீதிக் கடைக்காரர் ஒருவர் ஈரோட்டிலிருந்து 10 மூட்டை மஞ்சள் கேட்கிறார். வந்தது 8 மூட்டை என்று வைத்துக்கொள்வோம். குறைந்து வந்த சரக்கை அவர் வேண்டாம் என்று மறுக்கலாம், இது 'மே'. ஆனால் ஏற்றுக்கொண்டால், அந்த 8 மூட்டைக்கும் பேசிய விலையைக் கொடுத்தாக வேண்டும்; இது 'ஷல்'.

வாய் திறக்காமல் இருந்தாலும் தப்ப முடியாது. நியாயமான காலம் கடந்தும் தகவல் சொல்லாமல் சரக்கை வைத்திருந்தால், ஏற்றுக்கொண்டதாகவே 42ஆவது பிரிவு கருதுகிறது. 'மே' தானாகவே 'ஷல்' ஆகிவிடும்! வியாபார வழக்கமோ தனி ஒப்பந்தமோ இருந்தால் அதற்கும் இடமுண்டு.

நாம் எழுதும் கடிதத்திலும் இதே கவனம் தேவை. '30 நாளில் பணம் செலுத்தலாம்' என்று மரியாதைக்காக 'மே' போட்டால், கெடு வெறும் வேண்டுகோளாகிவிடும். 'சரக்கைத் திருப்பலாம்' என்பதற்கு 'மே' போடுங்கள்; 'ஆனால் பணம் 30 நாளில் வந்தாக வேண்டும்' என்பதற்கு 'மஸ்ட்' போடுங்கள். மரியாதைக்கு 'ப்ளீஸ்' இருக்கிறதே!