உறுப்பு தானமும் உறை ஊற்றும் பக்குவமும்

பாலைக் காய்ச்சினால் மட்டும் தயிர் ஆகிவிடாது. காய்ச்சிய பாலைக் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு கரண்டி உறைமோர் விட்டு, ஆட்டாமல் ஓரமாக வைக்க வேண்டும். உறுப்பு தான விஷயத்தில் நாம் பல வருடங்களாகக் காய்ச்சும் வேலையை மட்டும் நன்றாகச் செய்துவருகிறோம். சுவரொட்டி ஒட்டுகிறோம், பேரணி போகிறோம், கல்லூரிகளில் உறுதிமொழி எடுக்கிறோம். எல்லாம் தேவைதான். ‘உறுப்பு தானம் நல்லதா?’ என்று யாரைக் கேட்டாலும் நல்லது என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர்களில் பலர் ஐசியு வாசலில் நிற்க நேரும்போது ‘வேண்டாங்க’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தெரிந்த விஷயம் மனதில் உறைவதற்கு வேறு பக்குவம் வேண்டியிருக்கிறது.

முதலில் சூட்டைப் பார்ப்போம். விபத்தில் தலையில் அடிபட்ட மகனுக்கு மூளைச்சாவு என்று டாக்டர் சொல்கிறார். அம்மா உள்ளே போய்ப் பார்க்கிறார். கை கதகதப்பாக இருக்கிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, மானிட்டரில் துடிப்பு ஓடுகிறது. “உயிர் இருக்கே சார்!” என்கிறார். கண்ணால் பார்ப்பதை அவர் எப்படி நம்பாமல் இருப்பார்? இதயம் துடிக்க மூளையின் உத்தரவு தேவையில்லை. துடிப்பை எழுப்பும் இடம் அதற்குள்ளேயே இருக்கிறது. வென்டிலேட்டர் மூச்சு கொடுக்கும்வரை அது கொஞ்ச காலம் துடிக்கும். ஆனால் தானாக மூச்சு விடவைக்கிற மூளைத்தண்டு செத்துவிட்டது, இனி மீளாது. நம் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து அதை உறுதி செய்ய வேண்டும். வென்டிலேட்டரை நிறுத்தி, ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்து, ரத்தத்தில் கரியமில வாயு ஏறிய பிறகும் ஒரு மூச்சாவது வருகிறதா என்று பார்ப்பது அதில் முக்கியமான சோதனை. இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாக, எத்தனை முறை கேட்டாலும் விளக்கிச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அப்படிச் சொல்லாமல், சாவுச் செய்தியையும் தானக் கேள்வியையும் அடுத்தடுத்து வைத்தால், கொதிக்கிற பாலில் உறை ஊற்றியதாகிவிடும். உறையில் இருக்கும் நுண்ணுயிர் வெந்துபோகும். அதற்காக ரொம்பவும் ஆறவிட முடியாது. மூளைச்சாவுக்குப் பிறகு உடலின் நிலை மணிக்கு மணி தளரும். இந்த இடைப்பட்ட பதத்தை நன்றாகப் பிடித்த நாடு ஸ்பெயின். மறுப்புத் தெரிவிக்காதவர் எல்லாரும் கொடையாளரே என்று அங்கே 1979இலேயே சட்டம் வந்தது. இருந்தும் குடும்பத்தைக் கேட்டுத்தான் எடுக்கிறார்கள். 1989இல் தேசிய அமைப்பு ஒன்றைத் தொடங்கி, இந்தப் பேச்சுக்கென்றே பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்களை மருத்துவமனைகளில் அமர்த்தினார்கள். இறப்பைக் குடும்பம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் தானத்தைப் பற்றிக் கேட்பார்கள். 1989இல் பத்து லட்சம் பேருக்கு 14 ஆக இருந்த கொடையாளர் எண்ணிக்கை 2017இல் 46ஐத் தாண்டியது. மாற்றத்துக்குச் சட்டத்தைவிட இந்த ஆட்கள்தான் காரணம் என்பது என் எண்ணம்.

சூடு சரியாக இருந்தாலும் உறை வேண்டுமே. இங்கே உறை என்பது, இறந்தவர் உயிரோடிருந்தபோது வீட்டில் சொல்லிவைத்த ஒரு வார்த்தை. ‘அவர் ஆசைப்பட்டார்’ என்று தெரிந்தால், முடிவெடுக்கும் பாரம் குடும்பத்தின் தலையிலிருந்து இறங்கிவிடும். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தாலே “நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது?” என்று வாயை அடைக்கிறோம். இது நமக்கு மட்டும் உள்ள மனத்தடை அல்ல. அமெரிக்காவில் சூசன் மார்கன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வும், கொடையாளர் கார்டில் கையெழுத்துப் போட்டால் சாவை வரவழைத்ததாகிவிடும் என்ற அச்சம், உடலை அறுப்பதில் அருவருப்பு, முழு உடலோடு போக வேண்டும் என்ற நினைப்பு, மருத்துவர்மேல் அவநம்பிக்கை ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுகிறது. தகவலைவிட இந்த உணர்ச்சிகளுக்கு வலு அதிகம். கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் பார்வை இருக்காது என்று பயப்படும் பாட்டியிடம் புள்ளிவிவரம் எடுபடாது.

கெட்ட உறையும் உண்டு. ‘கார்டு இருந்தால் காப்பாற்ற மாட்டார்கள்’ என்ற வதந்தி ஒரு துளி விழுந்தால் போதும், பானைப் பால் முழுதும் திரிந்துபோகும். உறுப்பை எடுக்கும் குழுவைச் சேர்ந்த மருத்துவர் மூளைச்சாவுச் சான்றில் கையெழுத்திடக் கூடாது என்று சட்டம் தடுக்கிறது. இந்த ஒரு விவரத்தைச் சுவரொட்டிகளில் பெரிய எழுத்தில் போடலாம்.

அக்கம்பக்கத்தில் உறைமோர் வாங்குவதும் நம் வழக்கம்தானே? 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். ‘நம்மைப் போல ஒரு வீடு செய்திருக்கிறது’ என்ற தைரியம் அதன் பிறகு பல குடும்பங்களுக்கு வந்தது. 2023 செப்டம்பரில் தமிழக அரசு, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று அறிவித்தது. மாவட்ட அதிகாரி மாலை வைப்பதை ஊரே பார்க்கும்போது, ‘பிள்ளையை அறுக்கக் கொடுத்துட்டாங்க’ என்ற பேச்சு அடங்குகிறது.

இணையத்தில் பதிவு செய்து கார்டை பர்ஸில் வைத்திருப்பவர்கள் அன்றைக்கே வீட்டிலும் சொல்லிவிட வேண்டும். ஐசியுவில் டாக்டர் வந்து கேட்கப்போவது உங்கள் மனைவியையோ கணவரையோ பெற்றோரையோ பிள்ளைகளையோதான்.