டீச்சருக்கு யார் மார்க் போடுறாங்க?

செமஸ்டர் முடியப் போகுது. போர்ட்டல்ல ஃபேகல்டி ஃபீட்பேக் திறக்குது. ஒவ்வொரு பாடத்துக்கும் பத்துப் பன்னிரண்டு கேள்வி, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் பொத்தான். நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும், ஏன்னா நானும் அதையேதான் பண்றேன். எல்லாத்துக்கும் அஞ்சு, சப்மிட், அடுத்த பாடம். ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும்.

இத்தனைக்கும் இது சின்ன விஷயம் இல்லை. ஏ.ஐ.சி.டி.இ. 2019ல் கொண்டுவந்த விதிமுறைப்படி, பேராசிரியர்களுக்கான 360 டிகிரி மதிப்பீட்டில் மொத்தம் 100 மதிப்பெண். அதில் 25 நம்ம ஃபீட்பேக்குக்கு மட்டும்.

எங்க சித்தி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் டீச்சர். இதை அவங்ககிட்ட சொன்னப்போ ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "நீ அஞ்சு போட்டதால உங்க சார் அடுத்த வருஷம் இன்னும் நல்லா நடத்துவாரா?" பதில் சொல்ல முடியலை. "சரி, உங்களுக்கு யார் மார்க் போடுறாங்க?"ன்னு திருப்பிக் கேட்டேன். அந்தப் பேச்சிலிருந்து தேடிப் படிச்சதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு மாவட்டம், ரெண்டு வழி

நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தையே எடுத்துக்கலாம். 2019ல் செங்கல்பட்டு தனி மாவட்டமா பிரிஞ்ச பிறகு இங்கே ஐந்து ஒன்றியங்கள்: காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர். இந்தப் பள்ளிகளில் வேலை பார்க்கும் அரசு ஆசிரியரைத் தேடி ரெண்டு வழியில ஆள் வருவாங்க.

முதல் வழி நிர்வாகம். தலைமையாசிரியர், அவருக்கு மேல வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.), அதுக்கு மேல மாவட்டக் கல்வி அலுவலர், எல்லாருக்கும் மேல முதன்மைக் கல்வி அலுவலர் (சி.இ.ஓ.). தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு பி.இ.ஓ. ஆண்டாய்வுக்கு வருவார். வருகைப்பதிவேடு, பாடக்குறிப்பேடு, நோட்டு திருத்தியிருக்காங்களா என்று பார்ப்பார். பிள்ளைகளை எழுப்பி வாசிக்கச் சொல்வார். சம்பளம், விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் இந்த வழியில்தான்.

ரெண்டாவது வழி கற்பித்தல் உதவி. சென்னையில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். மாவட்டத்தில் டயட் என்கிற மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம். நம்ம மாவட்டத்துக்கு அது உத்திரமேரூர் பக்கம் களியாம்பூண்டியில் இருக்கு. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு நாடு முழுக்க உருவானவை இந்த டயட்கள். அதுக்குக் கீழே ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வள மையம், இன்னும் கீழே சில பள்ளிகளைச் சேர்த்த குறுவள மையம். வட்டார வள மையத்தில் இருக்கும் ஆசிரியர் பயிற்றுநர்கள்தான் பள்ளிக்குப் பள்ளி போய், வகுப்பில் உட்கார்ந்து, "இந்தப் பாடத்தை இப்படி நடத்திப் பாருங்க"ன்னு சொல்ல வேண்டியவங்க.

காகிதத்தில் இது அருமையான டிசைன். ஒருத்தர் கணக்குப் பார்க்கிறார், இன்னொருத்தர் கைகொடுக்கிறார்.

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது சுலபம். நெசவாளர் புடவையை முடிச்சு கூட்டுறவு சங்கத்துக்குக் கொண்டு போனா, மேஜையில் விரிச்சு நீளம், எடை, நெசவுல தப்பு எல்லாம் பார்ப்பாங்க. அது அவசியம்தான். ஆனா அந்த மேஜையில யாரும் நெசவு கத்துக்கிறது இல்லை. கத்துக்கிறது தறியில, பக்கத்துல உட்கார்ந்து "இழை தளருது பாரு"ன்னு சொல்ற மூத்தவர்கிட்ட. பி.இ.ஓ. மேஜை. ஆசிரியர் பயிற்றுநர் தறி.

மேஜையின் பலம் எவ்வளவு?

ஆண்டாய்வில் நல்ல பேர் வாங்கினா என்ன கிடைக்கும்? சம்பளத்தைப் பொறுத்தவரை பெரிசா எதுவும் இல்லை. ஆண்டு ஊதிய உயர்வு எல்லாருக்கும் வரும். ஒரே பதவியில் 10 வருஷம் முடிச்சா தேர்வுநிலை, 20 வருஷம் முடிச்சா சிறப்புநிலை. பதவி உயர்வு பெரும்பாலும் பணிமூப்புப்படி. அதாவது காலம்தான் பெரிய மதிப்பீட்டாளர். மேல படிச்சா கிடைச்சுக்கிட்டிருந்த ஊக்க ஊதிய உயர்வும் 2020ல் நிறுத்தப்பட்டு, பிறகு ஒரே தடவை கொடுக்கும் தொகையா மாறிடுச்சு.

விருதுகள் இருக்கு. செப்டம்பர் 5ல் டாக்டர் இராதாகிருஷ்ணன் விருது, அதாவது நல்லாசிரியர் விருது. அப்புறம் கனவு ஆசிரியர் திட்டம்: மூணு கட்டத் தேர்வு வைத்து 380 பேரைத் தேர்ந்தெடுத்தாங்க, அதில் 55 பேரை 2024ல் பிரான்ஸுக்கு அழைச்சிட்டுப் போனாங்க. நல்ல விஷயம்தான். ஆனா மாநிலத்தில் அரசு ஆசிரியர்கள் லட்சக்கணக்கில் இருக்காங்க. விருது வாங்காத மத்தவங்களுக்கு என்ன வழி என்பதுதான் இங்கே கேள்வி.

பார்த்தா மட்டும் போதுமா?

"அப்போ அடிக்கடி போய் வகுப்பைப் பார்க்கட்டும், ரிப்போர்ட் கொடுக்கட்டும்"னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. இதை ஆந்திராவில் சோதிச்சே பார்த்திருக்காங்க.

2005 முதல் அங்கே கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு பெரிய பரிசோதனை நடத்தினாங்க. குலுக்கல் முறையில் 100 பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பிள்ளை எங்கே தடுமாறுது என்று விரிவான அறிக்கையை டீச்சர்கிட்ட கொடுத்தாங்க. வகுப்பையும் அவ்வப்போது போய்ப் பார்த்தாங்க. பார்க்கும்போது டீச்சர்கள் அதிக சுறுசுறுப்பா இருந்தாங்க. வருஷக் கடைசியில் பிள்ளைகளின் மதிப்பெண்ணைப் பார்த்தா, இந்த எதுவுமே இல்லாத பள்ளிகளுக்கும் இவங்களுக்கும் வித்தியாசமே இல்லை! ஆள் இருக்கும்போது லேப்ல சீரியஸா நிக்கிற நம்மளை மாதிரியேதான்.

வேற பள்ளிகளில் போனஸ் கொடுத்தாங்க. பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் முன்னேற்றம் 5 சதவீதப் புள்ளியைத் தாண்டினா, அதுக்கு மேல ஒவ்வொரு புள்ளிக்கும் 500 ரூபாய். தண்டனை எதுவும் கிடையாது. ரெண்டு வருஷத்தில் கணக்கில் 0.27, மொழியில் 0.17 ஸ்டாண்டர்ட் டீவியேஷன் ஏறியிருந்தது. அந்த டீச்சர்கள் பள்ளி நேரத்துக்கு அப்புறமும் வகுப்பு எடுத்தாங்க, அதிகமா பயிற்சித் தேர்வு வச்சாங்க. இன்னொண்ணும் கவனிங்க: அதே மாதிரி அறிக்கை இவங்களுக்கும் போச்சு, இங்கே அது பயன்பட்டது. அதாவது டீச்சருக்கே "எனக்கு இது வேணும்"னு தோணும்போதுதான் ஃபீட்பேக் வேலை செய்யுது.

மத்தியப் பிரதேசத்தில் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் பார்த்தது இன்னும் வேதனை. பள்ளிகளை மதிப்பிட்டு, மேம்பாட்டுத் திட்டம் எழுத வச்ச ஒரு பெரிய திட்டம். ஃபார்ம் எல்லாம் ஒழுங்கா நிரம்புச்சு. பள்ளி நடக்கிற விதமோ பிள்ளைகள் படிக்கிற விதமோ மாறலை. ஆனா ஃபார்ம் நிரம்பினதால திட்டம் வெற்றின்னு நினைச்சு, அதே மாதிரியை நாட்டின் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவாக்கிட்டாங்க.

மார்க்கை இறுக்கினா?

"சரி, போனஸோட தண்டனையும் வச்சா இன்னும் வேகமா ஏறுமே?" அதுவும் நடந்திருக்கு. இங்கிலாந்தில் 1862 முதல், இன்ஸ்பெக்டர் வைக்கும் தேர்வில் எத்தனை பிள்ளை பாஸ் என்பதைப் பொறுத்துத்தான் பள்ளிக்கு மானியம். அதே முறை சென்னை மாகாணத்துக்கும் வந்து, திண்ணைப் பள்ளி வாத்தியார் வரைக்கும் எட்டிச்சு. இன்ஸ்பெக்டர் வரும் நாளைக்காகவே மனப்பாடம் செய்ய வைக்கும் பழக்கம் வளர்ந்தது.

அமெரிக்காவில் நம்ம மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குச் சமமா 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' உண்டு. அட்லாண்டா டிஸ்ட்ரிக்டில் மதிப்பெண் இலக்கை எட்டலைன்னா வேலைக்கே ஆபத்து என்கிற நிலை. 2011ல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது: 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் மோசடியில் சம்பந்தப்பட்டிருக்காங்க, பிள்ளைகளின் விடைத்தாளையே திருத்தியிருக்காங்க. 2015ல் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. தப்பான விடையை அழிச்ச அன்னைக்கு, அந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்ற ஒரே தடயமும் அழிஞ்சு போச்சு.

இப்போ என்ன பிரச்சினை?

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்தும் ஆசிரியர்களில், ஓய்வுக்கு 5 வருஷத்துக்கு மேல இருக்கிறவங்க ரெண்டு வருஷத்துக்குள் டெட் தேர்வில் தேறணும், இல்லைன்னா வேலையில் தொடர முடியாது. அஞ்சு வருஷத்துக்குக் குறைவா இருக்கிறவங்க தொடரலாம், ஆனா டெட் இல்லாம பதவி உயர்வு கிடையாது. டெட் கட்டாயம் ஆகுறதுக்கு முன்னாடி, அன்றைய விதிப்படி சேர்ந்தவங்களுக்கும் இது பொருந்தும்.

சித்தியும் அதில் ஒருத்தர். ராத்திரி பாத்திரம் தேய்ச்சிட்டு வந்து 150 கேள்வி மாடல் டெஸ்ட் எழுதுறாங்க, நாலு விடையில ஒண்ணைத் தேர்ந்தெடுக்கிற கேள்விகள். ஒரு ஆசிரியருக்குப் பாடம் தெரிஞ்சிருக்கணும் என்பதில் எனக்கு சந்தேகமே இல்லை. ஆனா ஒண்ணாம் வகுப்புல பேசவே பேசாத பிள்ளையைப் பேச வைக்கிறது அந்த நாலு விடையில எதிலும் இருக்காது. ரொம்ப வருஷமா மேஜையே லேசா இருந்துட்டு, திடீர்னு ஒரே நாள்ல வேலையையே நிறுக்கிற தராசா மாறியிருக்கு.

அதே நேரம் தறிப்பக்கம் மெலிஞ்சுக்கிட்டே போகுது. பயிற்சிக்கான பணத்தில் பெரும்பகுதி ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்திலிருந்து வருவது. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25க்கான மத்திய நிதி நிறுத்திவைக்கப்பட்டது. கைகொடுக்க வேண்டிய ஆசிரியர் பயிற்றுநர் கையிலேயும் இப்போ செயலி, பதிவேற்ற வேண்டிய விவரம். அவர் வந்து உட்கார்ந்தா டீச்சருக்கு முதலில் தோணுவது "மேல என்ன அனுப்புவார்?" என்பதுதான். மேஜையைத் தூக்கிட்டு வந்து தறி பக்கத்துல போட்டா, யாரும் "எனக்கு இந்த இடம் வரலை"ன்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க.

இருந்தாலும் நம்ம ஊரில் வேலை செஞ்ச வழியும் இருக்கு. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கினப்போ, டீச்சர்களை ஆந்திராவின் ரிஷிவேலிக்கு அனுப்பி அங்கே நடக்கும் வகுப்புகளை நேரில் பார்க்க வச்சாங்க. ஒரு டீச்சர் இன்னொரு டீச்சரின் வகுப்பைப் பார்த்துக் கத்துக்கிட்டாங்க. சித்திக்குப் பிடிச்சதும் குறுவள மையக் கூட்டத்தில் பி.பி.டி. முடிஞ்ச பிறகு டீ குடிக்கும் பத்து நிமிஷம்தான். "நீங்க பின்னக் கணக்கை எப்படி ஆரம்பிப்பீங்க?"ன்னு அப்போதான் கேட்டுக்குவாங்களாம். மேஜை வேண்டாம்னு நான் சொல்லலை. மார்க் போடுறவரும் கத்துக்கொடுக்கிறவரும் ஒரே ஆளா, ஒரே நாள்ல, ஒரே ஃபார்மோட வரக்கூடாதுன்னுதான் சொல்றேன்.

நம்மால என்ன முடியும்? நீங்க அரசுப் பள்ளியில் படிச்சவரா இருந்தா, பள்ளி மேலாண்மைக் குழுவில் இப்போ முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. போய் உட்காருங்க. இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச என்னை மாதிரி ஆட்களுக்கு, இந்த செமஸ்டர் ஃபீட்பேக் ஃபார்ம் இருக்கு. அதுல கடைசியா ஒரு கமெண்ட் பாக்ஸ் வரும், நாம யாரும் தொடாதது. போன வாரம் நான் அதுல ஒரு வரி எழுதினேன்: "சார், மூணாவது யூனிட்ல அந்த டெரிவேஷனுக்கு முன்னாடி ஒரு எக்ஸாம்பிள் போட்டிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்." எழுத ரெண்டு நிமிஷம் ஆச்சு. நீங்களும் உங்க சாருக்கு ஒரு வரி எழுதிப் பாருங்க.