இரத்தத்தில் ஏறுமுன்

வாய்வழி உட்கொண்ட மாத்திரை குடலில் கரைந்து, ஈரலைக் கடந்து, இரத்தத்தில் கலப்பதற்குச் சற்று அவகாசம் பிடிப்பதால், பிழை நேர்ந்ததென்று தெரிந்தாலும் பரிகாரம் தேட ஓரளவு நேரம் கிடைக்கிறது. இரத்தக் குழாய் வழியே நேராக ஏற்றப்படும் ஔஷதத்திலோ அந்த அவகாசத்திற்கே இடமில்லை. ஆகவேதான், டாக்டர் எழுதும் ஊசி மருந்து உத்தரவை, நர்ஸ் அதை ஏற்றுவதற்கு முன்பே மருந்தாளுநர் ஒருவர் படித்துப் பரிசீலிப்பது அவசியமாகிறது; அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று அளிக்கும் ஜாயின்ட் கமிஷன், தாமதமே பிராணாபாயமாகும் அவசர சந்தர்ப்பங்கள் போன்ற சிலவற்றை விலக்கி, இதை ஒரு நியமமாகவே விதித்திருக்கிறது.

நோயாளியின் எடைக்கும், சிறுநீரகத்தின் நிலைக்கும் மருந்தின் அளவு பொருந்துகிறதா என்று அவர் பார்ப்பார் என்பதை யாரும் ஊகிக்கலாம். எதில் கலப்பது, எதனோடு சேர்ப்பது என்பதில்தான் சூட்சுமம் அதிகம். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் குளுக்கோஸ் நீரில் கலந்தால் படிகமாகப் பிரிந்துவிடுமாதலால் அதற்குச் சலைன் வேண்டும். பூஞ்சை நோய்க்குரிய ஆம்ஃபோடெரிசின் பி-யோ சலைனில் திரிந்துபோகுமாதலால் குளுக்கோஸ் நீரையே வேண்டி நிற்கும். செஃப்ட்ரியாக்சோன் என்னும் கிருமிக்கொல்லி மருந்து கால்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகி, சில பச்சிளம் சிசுக்களின் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் தங்கி மரணம் விளைந்ததையொட்டி, 2007-ல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. வார்டுகளில் சர்வ சாதாரணமாக ஏறும் ரிங்கர் லாக்டேட்டிலும் கால்சியம் உண்டு என்பதை, இரவு முழுதும் கண்விழித்த இளம் டாக்டர் ஒருவர் அந்தக் கணத்தில் நினைவுகூர வேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

பொட்டாசியம் குளோரைடு இன்னும் பயங்கரமானது. 10 மில்லி கொண்ட சிறு ஆம்ப்யூலில் 20 மில்லி ஈக்விவலன்ட் பொட்டாசியம் அடங்கியிருக்கிறது. நீர்க்காமல் ஒரேயடியாக ஏற்றினால் இருதயம் நின்றுவிடும். சாதாரண வார்டில் மணிக்குப் 10 மில்லி ஈக்விவலன்ட் என்பதே பொதுவான வரம்பாகையால், அந்த ஆம்ப்யூலைப் போதிய திரவத்தில் கலந்து, இரண்டு மணி நேரத்திற்குக் குறையாமல் செலுத்த வேண்டும். எவ்வளவு திரவம், எத்தனை நேரம் என்று குறிப்பிடாத உத்தரவு வந்தால், மருந்தாளுநர் மருந்தைக் கொடாமல் நிறுத்திவைத்து டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும்.

இவ்வாறு கேட்பதை அதிகப்பிரசங்கித்தனமென்று கருதும் மனப்பான்மை நம்மிடையே இன்னும் மறையவில்லை. இந்தியாவில் 2008-ல் ஃபார்ம்.டி. படிப்பு ஆரம்பமாகி, நோயாளியின் படுக்கையருகே நின்று மருந்தைச் சீர்தூக்கும் பயிற்சி பெற்றவர்கள் ஆண்டுதோறும் வெளிவருகின்றனர். அவர்களை மருந்து எடுத்துக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் நிறுத்திவைப்பது பெரும் விரயம். தீவிர சிகிச்சைப் பிரிவிலும், சிசுக்களின் வார்டிலுமாவது, இரவிலும் ஒரு மருந்தாளுநரை நியமித்து, சந்தேகம் எழுந்தால் எந்த நிபுணரையும் அழைத்து வினவும் அதிகாரத்தை அவருக்கு எழுத்து மூலமாகவே நிர்வாகங்கள் அளிக்க வேண்டும்.