ஆடாம படுத்தாலும் ரத்தம் ஓடுதே!

எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது "ஆடாம அசையாம படுங்க"ன்னு சொல்வாங்க. கை காலை அடக்கிவிடலாம். ரத்த ஓட்டத்தை என்ன செய்வது? அதை நிறுத்த வேண்டாம். அந்த ஓட்டத்தின் வேகத்தையே மெஷின் அளந்து சொல்லும். எப்படின்னு பார்ப்போம்.

உடம்பிலுள்ள ஹைட்ரஜன் புரோட்டான்கள் காந்தப்புலத்தில் பம்பரம் மாதிரி தலையாட்டும். 1 டெஸ்லாவில் நொடிக்குச் சுமார் 4.26 கோடி சுற்று. புலம் கூடினால் சுற்றும் கூடும். ஒரு கணத்தில் அது எந்தக் கோணத்தில் நிற்கிறதோ, அதுதான் ஃபேஸ்.

இப்போ இடத்துக்கு இடம் புலம் மாறுகிற மாதிரி ஒரு கிரேடியன்ட் போடுவோம்: மீட்டருக்கு 10 மில்லிடெஸ்லா, 1 மில்லிநொடி நேரம். மையத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி நிற்கும் புரோட்டான் 4.26 சுற்று முந்திவிடும். அடுத்த 1 மில்லிநொடிக்கு அதே கிரேடியன்டைத் திசை மாற்றிப் போட்டால், முந்தினது அப்படியே பின்வாங்கும். மிச்சம் பூஜ்ஜியம்.

ஆனா, நொடிக்கு 1 மீட்டர் ஓடும் ரத்தம் அதற்குள் 1 மி.மீ. நகர்ந்திருக்கும். ஏறினது ஓரிடத்தில், இறங்கினது வேறிடத்தில். அதனால் 0.426 சுற்று, அதாவது சுமார் 153 டிகிரி, மிச்சம் நிற்கும். வேகம் பாதியானால் மிச்சமும் பாதி. இந்தக் கிரேடியன்ட் ஜோடி இல்லாமல் இன்னொரு முறை அளந்து கழித்தால், வேறு காரணங்களால் வந்த ஃபேஸ் போய்விடும். வேகம் மட்டும் தங்கும். ஃபேஸை வைத்து நீரோட்டத்தை அளக்கலாம் என்ற யோசனை எம்.ஆர்.ஐ. படங்களுக்கும் முந்தியது. 1960இல் எர்வின் ஹான் கடல் நீரோட்டத்துக்காக அதை எழுதினார்.

இதில் ஒரு பொறி இருக்கு. கோணத்தை 180 டிகிரி வரைதான் நம்ப முடியும். நம்ம கணக்கில் அது நொடிக்கு 1.17 மீட்டர். ரத்தம் 1.4 மீட்டரில் ஓடினால் 215 டிகிரி வரும். மெஷினுக்கு அது மைனஸ் 145. விளைவு, ரத்தம் 0.95 மீட்டர் வேகத்தில் பின்னாடி ஓடுவதாகக் காட்டும்! கடிகார முள் 9 மணி நேரம் முன்னாடி போனதா, 3 மணி நேரம் பின்னாடி போனதா என்று முள்ளைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது இல்லையா, அதே கதைதான். பெருந்தமனி வால்வு சுருங்கியவருக்கு நொடிக்கு 4 மீட்டரைத் தொட்டாலே தீவிரம் என்பார்கள். அங்கே வரம்பைத் தவறாக வைத்தால் நோயின் அளவே தவறிப்போகும். அதுக்காக வரம்பை ரொம்ப உயர்த்தவும் கூடாது; மெதுவான ஓட்டம் இரைச்சலில் மூழ்கிவிடும்.

சாதாரண ஸ்கேனில் இதே ஃபேஸ் வில்லனாகிறது. படத்தின் ஒவ்வொரு வரியும் வெவ்வேறு நேரத்தில் பதிவாகிறது. துடிப்புக்குத் துடிப்பு ஃபேஸ் மாறுவதால், தமனியின் பேய்ப் பிம்பங்கள் ஃபேஸ் என்கோடிங் திசையில் வரிசையாக விழும். கல்லீரல் மேல் ஒன்று விழுந்தால் கட்டி மாதிரியே தெரியலாம். பதிவை இ.சி.ஜி. துடிப்போடு இணைப்பது ஒரு வழி. இன்னொன்று, கிரேடியன்டை 1, மைனஸ் 2, 1 என்ற விகிதத்தில் போடுவது. அப்போது சீரான வேகத்தில் ஓடும் ரத்தத்துக்கும் மிச்சம் பூஜ்ஜியமாகிவிடும். ஏன்னு நீங்களே ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்க, ரெண்டு வரிக் கணக்குதான்.